எங்களுக்கு ஷாக் அடிக்கலையே!

ரிப்பேர் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவள், வாழ்த்திவிட்டுப் போவாள் என்று நினைத்திருப்பார்கள் போல. வாழ்த்த எனக்கு வராது. எந்த இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

ஹீட்டர் ராடைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பக்கெட் தண்ணீரில் தொங்கவிடுகிறோமே, அந்தச் சுருள் கம்பி. அதைவிட எளிய சாமான் நம் மேஜைக்கு வருவதில்லை. எளிது என்பதாலேயே அதற்கு மரியாதை கிடையாது. பிளக்கைச் செருகிவிட்டு அப்புறம் தண்ணீரில் போடுகிறவர்கள் உண்டு. அரைகுறைத் தண்ணீரில் காயவைத்துக் கருக்கிவிட்டு, “தரமே இல்லீங்க” என்று நம்மைத் திட்டுகிறவர்கள் உண்டு. சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் மகான்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவிட்சை அணைக்க வேண்டும், பிளக்கை உருவ வேண்டும், அதன் பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் கையே போக வேண்டும். இதை வாடிக்கையாளருக்குக் காது புளிக்கும் வரை சொல்லுங்கள். புளிக்கட்டும், பரவாயில்லை.

மன்னார்புரத்தில் எங்கள் கடை. முன்பக்கம் மிக்ஸி, கிரைண்டர், ஹீட்டர் விற்பனை. பின்பக்கம் ரிப்பேர் மேஜை, அதில் நான். எட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?” என்றுதான். “டீ குடிக்கப் போயிருக்காரு. அவர் வர்ற வரைக்கும் உங்க மிக்ஸி காத்திருக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்பேன். கொஞ்சம் முழித்துவிட்டு மிக்ஸியைக் கொடுத்துவிடுவார்கள். வாய்த்துடுக்கு என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர் இல்லாமல் அந்த மேஜையில் ஒரு வருஷம்கூட ஓட்டியிருக்க முடியாது.

ஒரு மார்கழியில் ஸ்ரீரங்கத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. சித்திரை வீதியில் ஒரு மாமி, கல்யாணம், சீமந்தம், சதாபிஷேகம் என்று விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். அவருடைய ஆசாரமான சமையலுக்கு ஊரில் நல்ல பெயர். ஆர்டர் பிடிப்பதும் வண்டியில் ஏற்றி அனுப்புவதும் மகன் வரதன். போனில் பேசியவர் அவர்தான்.

“ஆத்துல வேலை செய்யற பொண்ணு ஹீட்டர்ல ஷாக் அடிக்கறதுன்னு கதை விடறா. நீங்க வந்து பார்த்து, ராடு நன்னா இருக்குன்னு அவ காதுபட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கோ. அது போறும்.”

“பார்க்கிறதுக்கு முன்னாடியே நல்லா இருக்குன்னு எப்படி சார் சொல்றது?”

“உங்க கடையிலதான் பார்த்துக் குடுத்தா. நன்னா இருக்குன்னு சொன்னதே நீங்கதான்.”

விசாரித்தேன், உண்மைதான். அந்தப் பெண் ஷாக் என்று சொன்னதும், நான் விடுப்பில் இருந்த நாளில் வரதன் ராடைக் கொண்டுவந்திருக்கிறார். முன்பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் சுட்டிருக்கிறது. நல்லா இருக்கு என்று துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். சுடுகிறதா என்று பார்ப்பது வேறு, கசிகிறதா என்று பார்ப்பது வேறு. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கிற ராடே ஆளையும் கொல்லும்.

கிளம்பும்போது முதலாளி வண்டி வரைக்கும் கூடவே வந்தார். “ஓகேன்னு சொல்லிட்டு வந்துடுங்கம்மா. நம்ம கையால பார்த்துக் குடுத்த சாமான். அதுல கோளாறுன்னு நாமளே சொன்னா கடை பேரு என்னாவுறது? பெரிய இடம் வேற, அவங்க சொல்ற மண்டபத்துக்கெல்லாம் நம்மகிட்டதான் கிரைண்டர் எடுக்கிறாங்க.”

“பார்த்துட்டுச் சொல்றேங்க” என்றேன்.

“பார்க்கிறது உங்க வேலை. சொல்றதுக்கு முன்னாடி யோசிக்கிறது உங்க புத்திசாலித்தனம்” என்றார். காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அந்த வார்த்தை காதில் குடைந்துகொண்டே இருந்தது. கோபத்தில் ஹாரனைத் தேவையில்லாமல் அடித்தேன்.

நீளமான வீடு. கடைசியில் முற்றம், சிமென்ட் தரை, எப்போதும் ஈரம். நடுவில் இடுப்புயரப் பித்தளை அண்டா. ஹீட்டர் ராடு அதற்குள் தொங்கியது. பிளாஸ்டிக் பக்கெட் ஏன் இல்லை என்று கேட்டேன். “பிளாஸ்டிக்கெல்லாம் ஆசாரத்துக்கு ஆகாது” என்றார் மாமி. காலையில் குளித்து, மடியாக ஈரப்புடவை கட்டிக்கொண்டு அவர்தான் முதலில் வெந்நீர் மொண்டுகொள்வார். சமையல் முடிந்த பிறகு அண்டாவை மறுபடி நிரப்பி, ராடைப் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது செல்வியின் வேலை. முடித்ததும் அண்டாவையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

செல்வி திருவானைக்காவல் பக்கம். கணவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். நான் போனபோது விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். முழங்கையில் புதுச் சிராய்ப்பு. அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல உருளி, விளிம்பிலிருந்து அடிவரை விரிசலோடு. மாமியின் மாமியாருக்கும் முந்திய காலத்து உருளியாம்.

நடந்தது இதுதான். செல்வி ஒரு கையில் உருளியைப் பிடித்துக்கொண்டு மறு கையை அண்டாவின் விளிம்பில் வைத்திருக்கிறாள். தூக்கி எறிந்தது போல் இருந்ததாம். அவளும் விழுந்தாள், உருளியும் விழுந்தது. உருளியைப் போட்டு உடைத்துவிட்டு அதை மறைக்க ஷாக் என்று புளுகுகிறாள் என்பது வரதனின் தீர்ப்பு. என் வாயால் ராடு நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டால் அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அந்தத் தெருவில் இன்னொரு வீட்டிலும் அவளுக்கு வேலை கிடைக்காது. பாத்திரத்தை உடைத்தவளை மன்னித்துச் சேர்த்துக்கொள்வார்கள், பொய் சொன்னவள் என்று பெயர் வாங்கியவளைச் சேர்க்கமாட்டார்கள்.

“எத்தனையோ நாளா இதே அண்டா, இதே ராடு” என்றார் மாமி. குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத குழப்பம்தான். “தினம் நான்தான் முதல்ல தொடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. இவளுக்கு மட்டும் எப்படி அடிக்கும், நீங்களே சொல்லுங்கோ.”

வரதன் சுவிட்சைப் போட்டார். நான் தடுப்பதற்குள் நேராகப் போய் அண்டாவில் கையை வைத்து, “பாருங்கோ” என்றார். ஒன்றும் ஆகவில்லை. காலில் தடித்த ரப்பர் செருப்பு. “கையை எடுங்க சார்!” என்று போட்ட சத்தத்தில் எடுத்தார். ஆனால் முகத்தில் ஜெயித்த சிரிப்பு.

டெஸ்டரை எடுத்து அண்டாவில் வைத்தேன். மினுக்கென்று எரிந்தது. “அது எங்காத்து ஃபிரிட்ஜ்லயும்தான் எரியறது” என்றார் வரதன். அதுவும் பொய்யில்லை. டெஸ்டர் சும்மாவும் எரியும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்ற முடியாது. என் பையில் டெஸ்ட் விளக்கு இருந்தது. ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும்தான். கசிவு நிஜமாக இருந்தால்தான் அது எரியும். முற்றத்துக்கு வரும் நடையில் பிளக் இருந்த சுவர்ப் பக்கம்தான் பையை வைத்திருந்தேன். எடுக்கத் திரும்பினேன்.

பின்னால் விளக்குமாறு தரையில் விழும் சத்தம். “நான் பொய் சொல்லலைங்க. இந்தா, எல்லாரும் பார்க்கத் தொட்டுக் காட்டுறேன்” என்று செல்வி அண்டாவை நோக்கி நடந்தாள். வெறுங்கால். ஈரத் தரை.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த நொடியில் ஓடிப்போய் அவளைப் பிடிக்கத்தான் கை துடிக்கும். பிடிக்காதீர்கள். நீங்கள் போய்ச் சேருவதற்குள் அவள் தொட்டுவிட்டால், அவளோடு சேர்ந்து நீங்களும் போவீர்கள். அவளுக்கு என் முதுகைக் காட்டித் திரும்பினேன். எத்தனை கல்நெஞ்சு வேண்டும் அதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவிட்சையும் நம்பவில்லை. பழைய வீட்டு ஒயரிங்கில் சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் போகாத இடங்களைப் பார்த்திருக்கிறேன். பிளக்கையே பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது.

திரும்பிப் பார்த்தால் செல்வி இரண்டு கையாலும் அண்டாவைக் கட்டிப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள்.

“பார்த்தேளா! ஒண்ணும் ஆகலை!” என்று வரதன் கையைத் தட்டினார். “நான்தான் சொன்னேனே!”

கையில் இருந்த பிளக்கை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். தட்டிய கை அப்படியே நின்றது.

செல்வி கண்ணைத் திறந்து பிளக்கைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தீர்களா? “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அடிச்சிருந்தா நம்பியிருப்பாங்களே. இப்ப நான் பொய்க்காரியாவே நிக்கிறேனே” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதுவரை எனக்கு இருந்தது தொழில் கோபம். அப்போது வந்தது வேறு கோபம். ஒரு ராடில் கோளாறு இருக்கிறது என்று நம்பவைக்க, ஒருத்தி செத்து விழுந்து காட்ட வேண்டியிருக்கிறது. “நீ எதுக்குடி நிரூபிக்கணும்? நிரூபிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. போய் அந்த வாசப்படியில உட்காரு” என்றேன். திட்டுவது போலத்தான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னேன். விளக்கின் ஒரு ஒயரை முற்றத்து இரும்புக் குழாயிலும் மற்றதை அண்டாவின் காதிலும் மாட்டினேன். நானும் விலகி வந்து, “மாமி, பல்பைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பிளக்கைச் செருகினேன். பல்பு எரிந்தது. மினுக்கென்று இல்லை, நன்றாகச் சிவந்து எரிந்தது. அண்டாவுக்குள் வெறும் தண்ணீரும் ராடும்தான். பல்பு எரிய அந்த அண்டாவிலிருந்தே கரண்ட் வருகிறது என்பது யாரும் விளக்காமலே அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. பிளக்கை உருவினேன். பல்பு அணைந்தது.

மாமிதான் கேட்டார். “அப்போ எனக்கு ஏன் அடிக்கலை?”

அவர் பேசிக்கொண்டு நின்ற இடத்தைப் பார்த்தேன். முற்றத்து ஈரத்தில் கால் படாமல், அடியில் கட்டையடித்த மரப் பலகையின் மேல் நின்றிருந்தார். எச்சில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் தரை அது. மடியோடு அதில் கால் வைக்கமாட்டார். வெந்நீர் மொள்ள வரும்போதும் அந்தப் பலகைமேல்தான் நிற்பார். செல்வி அதில் ஏறியதே இல்லை, ஏறவும் கூடாது. மகனைக் காப்பாற்றியது ரப்பர், அம்மாவைக் காப்பாற்றியது மரம். செல்விக்கு இரண்டும் இல்லை. அண்டாவுக்கும் பூமிக்கும் நடுவே நின்றது அவள் உடம்பு மட்டும்தான்.

இதை அப்படியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, நயமாகவும் சொல்லவில்லை.

மாமி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு தீர்வு கண்டுபிடித்தவர் போல நிமிர்ந்தார். “அப்போ அவளுக்கும் ஒரு பலகை போட்டுடறேன்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். “பலகை நனைஞ்சு ஊறினா அதுவும் கைவிடும் மாமி. அன்னைக்கு உங்களுக்கே அடிக்கும். கரண்டுக்கு ஆசாரம் தெரியாது” என்று சொல்லிவிட்டு, மெயினை அணைத்துச் சுவர் பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினேன். மேலே பெரிதாக இருக்கும் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. அழகுக்கு ஒரு துளை. ராடு கசிந்தால் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டிய ஒயர் இல்லாததால், அந்த வேலையைச் செல்வி செய்திருக்கிறாள்.

வரதன் அதற்குள் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். “உங்க ஆள் என்னமோ சொல்றா” என்றார்.

“அதெல்லாம் பெரிசா ஒண்ணுமிருக்காது சார். அம்மா, வேற ராடு மாத்திக் குடுத்துட்டு வந்துடுங்க. மத்ததெல்லாம் நமக்கெதுக்கு?” என்றது போன்.

“எர்த் இல்லாத வீட்டுக்கு நான் ராடு குடுக்கமாட்டேங்க. இது கெட்டுப்போன ராடு. நம்ம கடையில சரியாப் பார்க்காம நல்லா இருக்குன்னு குடுத்திருக்கோம். அதையும் இவங்க காதுபடத்தான் சொல்றேன்.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“யாரையும் கேட்கலைங்க.”

“நாளைக்கு நீங்க கடைக்கு வரவேண்டாம்னு நான் சொல்லிட்டா?”

“தாராளமாச் சொல்லுங்க. எதுக்காக நிறுத்துறீங்கன்னு கடை வாசல்ல எழுதி ஒட்டிடுங்க. படிக்கிறவங்க படிக்கட்டும்.”

போன் அணைந்தது. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, ராடின் ஒயரைத் தலையோடு வெட்டினேன். வரதன், “எங்க சாமான் அது!” என்று கத்தினார். “உங்க சாமான்தான். ரெண்டா வச்சுக்குங்க” என்று இரண்டு துண்டையும் உருளிக்குள் போட்டுவிட்டு வந்தேன். வாடிக்கையாளர் பொருளை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று உங்கள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சரிதான். நான் மறுபடியும் வெட்டுவேன்.

மறுநாள் வழக்கம்போல் கடைக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்தார், கல்லாவைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். சாயங்காலம், ராடு ரிப்பேருக்கு வந்தால் இனி முன்பக்கத்தில் யாரும் தொடக் கூடாது என்று அவரே உத்தரவு போட்டார். தான் தோற்றதாக அவர் ஒத்துக்கொள்ளும் விதம் அது. நானும் பெருந்தன்மையாகக் கண்டுகொள்ளவில்லை.

நம் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், “எங்களுக்கு ஷாக் அடிக்கலையே!” சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கு அடித்திருக்காது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அடிக்கவில்லை என்பவர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். அடித்தது என்று சொன்னவர் எங்கே நின்றார், காலில் என்ன இருந்தது, கை எங்கே பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சுவரோரம் நின்றிருப்பார், கேட்காவிட்டால் பேசமாட்டார். கேட்டால் உங்கள் முதலாளிக்குப் பிடிக்காது. கேளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை பேசியது மாமி. கொல்லையில் குழி தோண்டி எர்த் போட்டாயிற்று, கசிந்தால் தானாகவே கரண்டை நிறுத்தும் சுவிட்சும் வைத்தாயிற்று, வந்து பார்க்க வேண்டும் என்றார். அன்றோடு வேலைக்கு வராமல் நின்றுவிட்ட செல்வியையும் அவரே போன் செய்து வரவழைத்திருந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. ‘பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு’ என்றாராம்.

புது ராடை மாட்டினேன். அண்டாவில் தண்ணீர் காய்ந்தது. டெஸ்ட் விளக்கு எரியவில்லை. எர்த்தைப் பார்த்தேன், சுவிட்ச் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். திருப்தியான பிறகு பிளக்கை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தரையில் போட்டேன். இனி அண்டா வெறும் வெந்நீர்ப் பாத்திரம்.

வரதன் செல்வியைப் பார்த்து, “ஆச்சு, எல்லாம் சரி பண்ணியாச்சு. போய்த் தொட்டுப் பாரு” என்றார்.

செல்வி அசையவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நீங்க தொடுங்க சார். செருப்பைக் கழட்டிட்டு.”

வரதன் என்னைப் பார்த்தார். நான் பல்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். பிளக் அவர் கண்ணெதிரே தரையில் கிடக்கிறது. கரண்ட் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

“பிளக்தான் கீழ கிடக்கே” என்றார் மெதுவாக.

“ஆமா சார், கிடக்கு” என்றாள் செல்வி.

சமையலறை நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி சொன்னார். “கழட்டுடா.”

கழற்றினார். ஈரத் தரையில் கால் வைத்ததும் தோள் கூசியது. கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், மறுபடி நீட்டி அண்டாவைத் தொட்டார். உடனே “ஆ!” என்று கத்திக்கொண்டு பின்னால் துள்ளினார். மாமி பதறி ஓடிவந்தார். நானே ஒருமுறை தரையில் கிடந்த பிளக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

“சுடறது” என்றார் வரதன், விரலை உதறிக்கொண்டு.

“வெந்நீர்னா சுடும் சார்” என்று சொல்லிவிட்டு, செல்வி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பாத்திரத்துக்குப் போனாள்.